ஒரு கையெழுத்து

தியானப் பகுதி: எஸ்தர் 2:5-11; யோவான் 19:25-27

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான திருச்சபையாரே,

சில ஆண்டுகளாக என் உள்ளத்தில் பாரமாக இருந்துவரும் ஒரு காரியத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எழுதலாமா என்று அக்குடும்பத்தாரிடம் முதலில் கேட்டேன். "எழுதுங்கள் ஐயா, இன்னொரு குடும்பத்திற்காவது பயன்படட்டும்" என்றார்கள். பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்தே எழுதுகிறேன்.

நான் முன்பு ஊழியம் செய்த சபையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். ஒருநாள் பின்னிரவு இரண்டரை மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அமெரிக்காவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்துவந்த அவருடைய மூத்த மகனும் மருமகளும் சாலை விபத்தில் மரித்துவிட்டார்கள். பின்னிருக்கையில் இருந்த இரண்டு பிள்ளைகளும் சிறு காயங்களோடு தப்பினார்கள். மகனுக்கு அப்பொழுது வயது 8; நம் மண்ணில் பிறந்தவன், நான் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை. மகளுக்கு வயது 3, அங்கே பிறந்தவள். அவளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தோம்.

விடியுமுன் அவர் வீட்டிற்குச் சென்றேன். ஜெபித்தேன். பிறகு, இன்றும் நினைத்து வருந்துகிற ஒரு வார்த்தையையும் சொன்னேன். "ஐயா, உடனே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளை உங்களிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பார்கள்?" என்றேன். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அது அறியாமையின் வார்த்தை. அந்த வார்த்தையை நம்பி அவர் பிள்ளைகளின் பயணச்சீட்டுக்கும் ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார்.

அன்பானவர்களே, பெற்றோர் இருவரும் மரித்துவிட்டால் தாத்தாவோ, சித்தப்பாவோ, தாய்மாமனோ தானாகவே பிள்ளைக்குப் பொறுப்பாளர் ஆகிவிடுவார் என்று நாம் எண்ணுகிறோம். நம் கிராமங்களில் காரியங்கள் அப்படித்தான் நடக்கின்றன. அமெரிக்காவில் அப்படி நடப்பதில்லை. நாம் பேச்சில் 'கார்டியன்' என்று சொல்லும் சட்டபூர்வமான காப்பாளரை, அந்தப் பிள்ளை வாழ்ந்துவந்த மாநிலத்தின் நீதிமன்றமே நியமிக்கிறது. அதுவரை பிள்ளையின் பாதுகாப்புக்கு அங்குள்ள குழந்தைகள் நலத்துறை பொறுப்பேற்கலாம். அந்த இரண்டு பிள்ளைகளும் முதல் இரவை, முகமறியாத ஒரு வளர்ப்புக் குடும்பத்தின் வீட்டில்தான் கழித்தார்கள். அந்த வீட்டார் நல்லவர்கள். ஆனாலும் மகன் இரவு முழுவதும் தங்கையின் சட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான் என்று பின்னர் அறிந்தோம்.

மறுநாள் குடும்ப நண்பர் ஒருவரின் வீட்டிற்கு அவர்களை அனுப்பினார்கள். மூன்றாம் நாள், வேறொரு மாநிலத்தில் பணிபுரிந்துவந்த சித்தி, அதாவது மரித்த தாயின் தங்கை, வந்து சேர்ந்தாள். நீதிமன்றம் அவளைத் தற்காலிகக் காப்பாளராக நியமித்தது. பிள்ளைகள் தனக்கே வேண்டும் என்று அவள் உறுதியாகச் சொன்னாள். ஆனால் அங்கேதான் யாரும் எதிர்பாராத கேள்வி எழுந்தது.

மரித்த தகப்பன் எச்-1பி விசாவில் இருந்தவர். மகன் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தான். சார்ந்திருப்பவரின் தங்கும் உரிமை முதன்மையானவரின் உரிமையைப் பற்றிக்கொண்டு நிற்பது. தகப்பன் மரித்தபோது, மகன் அந்நாட்டில் தங்குவதற்கான அடிப்படையும் அவரோடு போய்விட்டது. மகளோ பிறப்பினால் அமெரிக்கக் குடிமகள். அவளை யாரும் வெளியேறச் சொல்ல முடியாது. ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்கள். ஆயினும் சட்டத்தின் பார்வையில் இரு தேசத்தார்.

சித்தி காப்பாளர் ஆகிவிட்டாளே, தன்னுடைய விசாவோடு அவனைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று நான் கேட்டேன். கூடாது. காப்பாளரை நியமிப்பது மாநில நீதிமன்றம். விசா கொடுப்பது மத்திய அரசு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைத்துவிடாது. சார்ந்திருப்பவருக்கான விசா வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்குமே உரியது. அக்காளின் மகன் அதில் அடங்கமாட்டான். சட்டப்படி தத்தெடுத்தாலும், 16 வயதுக்குள் தத்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பொறுப்பில் வைத்து உடன் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் பொது விதி. அமெரிக்கக் குடிமகளாகிய தங்கை அண்ணனுக்காக மனுச் செய்யலாமே என்றால், அவளுக்கு 21 வயது நிறைய வேண்டும். அவளுக்கோ வயது 3.

வழிகள் சில இல்லாமல் இல்லை. பெற்றோரின் கொடுமை, புறக்கணிப்பு, கைவிடுதல் அல்லது அவற்றை ஒத்த காரணத்தினால் பெற்றோரோடு சேர முடியாத சிறாருக்கென்று 1990ஆம் ஆண்டில் ஒரு தனிப் பிரிவு அங்கே உண்டாக்கப்பட்டது. பெற்றோரின் மரணம் அதில் அடங்குமா என்பது அந்தந்த மாநிலத்தின் சட்டத்தைப் பொறுத்தது. அடங்கினாலும் காத்திருப்பு நீண்டது. தகப்பனின் பெயரில் கிரீன் கார்டுக்கான மனு முன்னரே நிலுவையில் இருந்திருந்தால், அங்கேயே தொடர்ந்து வாழும் பிள்ளைகளுக்காக அதை நடத்தும்படி கேட்க 2009ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடமளிக்கிறது. இவர்களோ அதைத் தொடங்கியிருக்கவில்லை. ஆறுதலான ஒன்று மட்டும் இருந்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை அனுமதியின்றித் தங்கிய நாட்களை, பிற்காலத்தில் அந்நாட்டிற்குள் வருவதற்கு விதிக்கப்படும் 3 ஆண்டு, 10 ஆண்டுத் தடைகளுக்கு அவர்கள் கணக்கிடுவதில்லை.

இதற்கிடையில் இரண்டு குடும்பங்களுக்குள்ளும் கசப்பு வந்தது. தகப்பன் வீட்டார், எங்கள் குலத்துப் பிள்ளைகள் என்றார்கள். தாய் வீட்டார், எங்கள் மகள் பெற்ற பிள்ளைகள் என்றார்கள். யாரோ ஒருவர் காப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேச, அதைக் கேட்ட மற்றொருவர் தொலைபேசியைத் துண்டித்தார். இரு வீட்டாரும் ஒரே நற்கருணைப் பந்தியில் பங்குபெறுகிறவர்கள். துக்கம் ஜனங்களை ஒன்றுசேர்க்கும் என்று பிரசங்கித்திருக்கிறேன். எழுதி வைக்கப்படாத ஒரு விருப்பம், துக்கத்திலும் அவர்களைப் பிரிப்பதைக் கண்டேன்.

தலைமையாசிரியரும் அவருடைய மனைவியும் அவசர நேர்காணலில் பார்வையாளர் விசா பெற்று அமெரிக்கா சென்றார்கள். நீதிமன்றத்தில் நீதிபதி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "பெற்றோர் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்பதுதான். அவர் கையில் ஒரு பை நிறைய காகிதங்கள் இருந்தன. மகனின் பட்டச் சான்றிதழ், திருமணப் பதிவேட்டின் நகல், பேரனின் ஞானஸ்நானச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம்கூட இருந்தது. நீதிபதி கேட்டது மட்டும் இல்லை. திரும்பி வந்தபின் அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, நாற்பது வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். என் மகனுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்கவில்லையே."

அந்த நாட்களில் என்னைத் தாங்கியது எஸ்தரின் புஸ்தகம். எஸ்தரை நாம் ராஜாத்தியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவள் முதலில், அந்நிய தேசத்தில் தாயையும் தகப்பனையும் இழந்த ஒரு சிறுபெண். அவளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. தன் ஜனத்தின் மொழியில் அத்சாள், பிறர் அறிய எஸ்தர். தன் குலம் இன்னதென்று வெளியே சொல்ல முடியாத நிலையும் அவளுக்கு இருந்தது. அவளை வளர்க்க எழுந்தவன் மொர்தெகாய். அவன் அவளுக்குத் தகப்பனும் அல்ல, தாத்தாவும் அல்ல. அவளுடைய தகப்பன் மொர்தெகாய்க்குச் சிறிய தகப்பன். ஆகவே அவன் அவளுக்கு அண்ணன் முறை. ஆயினும் அவளைத் தன் மகளாகவே ஏற்றுக்கொண்டான் என்று வேதம் கூறுகிறது.

11ஆம் வசனத்தைக் கவனித்துப் பாருங்கள். அவள் அரமனைக்குக் கொண்டுபோகப்பட்ட பின்பும், அவளுடைய சுகசெய்தியை அறியும்படி மொர்தெகாய் நாள்தோறும் கன்னிமாடத்து முற்றத்தின்முன் உலாவிக்கொண்டிருந்தான். உள்ளே நுழைய அவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாத இடத்திலும் வந்து நின்றான். அந்நிய மொழி பேசும் நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் அந்த முதியவர் தம் பையோடு காத்திருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த வசனமே நினைவுக்கு வந்தது.

முடிவு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நீதிபதி மகனைத் தனியே அழைத்துப் பேசினார். அவன் எந்த நாட்டையும் கேட்கவில்லை. "பாப்பா எங்கே இருப்பாளோ அங்கே நானும் இருக்கிறேன்" என்றானாம். அன்று மாலை சித்தி தலைமையாசிரியரிடம் வந்தாள். "மாமா, பாப்பாவை என்னிடம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கும், இவனை வைத்துக்கொள்ள எப்போது இடம் கொடுக்குமோ தெரியாது. இரண்டு பேரையும் பிரிக்க எனக்கு மனம் இல்லை. நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லித் தன் மனுவை விலக்கிக்கொண்டாள். சாலொமோன் ராஜாவின் முன் நின்ற தாயை நாம் அறிவோம். பெறாத பிள்ளைகளுக்காக அதே காரியத்தைச் செய்த ஒருத்தியை நான் அறிவேன். அவள் அந்தப் பிள்ளைகளுக்கு இன்றும் வாரந்தோறும் பேசுகிறாள்.

அதன்பின்னும் மாதங்கள் சென்றன. மகளுக்கு அதுவரை பாஸ்போர்ட்டே எடுத்திருக்கவில்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் பெறப் பெற்றோர் இருவரின் அல்லது சட்டபூர்வமான காப்பாளரின் சம்மதம் வேண்டும். தாத்தாவையும் பாட்டியையும் காப்பாளராக நியமித்து, இந்தியாவுக்குக் கூட்டிச்செல்ல அனுமதித்த நீதிமன்ற ஆணை வந்த பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகையால் தன் தாத்தாவின் வீட்டிற்கு வர அந்தக் குழந்தைக்கு விசா வேண்டியிருந்தது. எட்டாம் மாதத்தில் நால்வரும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அண்ணனுக்கு இந்தியர் வரிசை, தங்கைக்கு வெளிநாட்டவர் வரிசை. அவன் அவள் கையை விடவில்லை. குடியேற்ற அதிகாரி இருவரையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றாகவே வரச்சொன்னாராம்.

வந்த பின், இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, பிள்ளைகளின் சித்தப்பாவும் காப்பாளராக நியமிக்கப்பட்டார். தாத்தாவுக்கு அப்பொழுது வயது 71. மகள் 18 வயதை அடையும்போது தாம் இருப்போமா என்று அவரே கேட்டுக்கொண்டார்.

பிரியமானவர்களே, உங்களில் அநேகருடைய பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஆகையால் சில காரியங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலாவது, எழுதி வையுங்கள். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 60ஆம் பிரிவில், தகப்பன் தன் உயிலின் மூலம் மைனர் பிள்ளைக்குக் காப்பாளரை நியமிக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவு தாயைக் குறிப்பிடவில்லை. ஆனால் கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், காப்பாளரை நியமிக்கும்போது மரித்த பெற்றோரின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே தாயும் தகப்பனும் இருவரும் எழுதுங்கள்; இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். வாழும் நாட்டின் சட்டப்படியும் ஓர் உயில் எழுதுங்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் பிள்ளைகளின் தங்கும் அனுமதி பொதுவாகப் பெற்றோரின் பொறுப்பில் நிற்பது. அங்கே முஸ்லிம் அல்லாதவர்கள் காப்பாளரை நியமித்து உயிலைப் பதிவுசெய்யத் துபாயில் 2015 முதல் வசதி இருக்கிறது.

இரண்டாவது, ஒருவரை மட்டும் எழுதாதீர்கள். முதன்மைக் காப்பாளர் ஒருவர், அவரால் இயலாவிட்டால் மற்றொருவர், உறவினர் வந்து சேரும்வரை பிள்ளையை வைத்துக்கொள்ள அதே ஊரில் வாழும் ஒருவர் என மூன்று பெயர்கள் வேண்டும். எழுதுமுன் அவர்களிடம் கேளுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா ஆவணங்கள், நிலுவையிலுள்ள மனுக்களின் நகல்களை ஊரிலுள்ள ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். காப்பீட்டில் மைனர் பிள்ளையை நியமனதாரராகக் குறித்திருந்தால், அந்தத் தொகையைப் பெற்று வைக்க வயதுவந்த ஒருவரையும் குறியுங்கள்.

நான்காவது, அப்படிப்பட்ட செய்தி ஒரு வீட்டிற்கு வருமானால், இந்தியத் தூதரகத்திற்கு உடனே தெரிவியுங்கள். வெளிநாட்டில் மைனருக்குக் காப்பாளர் தேவைப்படும்போது அவருடைய நாட்டுத் தூதரக அலுவலகத்திற்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 37ஆம் பிரிவில் கூறுகிறது. அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். என்னைப் போன்ற போதகர்களின் அவசர ஆலோசனையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உயில் எழுதுவது அவிசுவாசம் என்று சிலர் என்னிடம் சொன்னதுண்டு. சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த நம் ஆண்டவர் என்ன செய்தார்? தம் தாயைத் தம் அன்பான சீஷனுடைய பொறுப்பில் ஒப்புவித்தார். யாரிடம் ஒப்புவிக்கிறார் என்பதை இருவரும் கேட்கும்படி, சாட்சிகள் நிற்கும்போதே சொன்னார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். பிதாவின்மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தவரே இதைச் செய்தார்.

கடைசியாக என் வீட்டுக் காரியம் ஒன்றையும் அறிக்கையிடுகிறேன். என் மகன் துபாயில் குடும்பத்தோடு வாழ்கிறான். பேத்திக்கு வயது 4. இந்த அனுபவத்திற்குப் பின் அவர்களையும் எழுதும்படி வற்புறுத்தினேன். சில வாரங்கள் கழித்து மருமகள் தயக்கத்தோடு அழைத்தாள். "மாமா, நீங்கள் மனம் வருந்தக் கூடாது. என் அக்காவின் பெயரை எழுதலாம் என்று நினைக்கிறோம்" என்றாள். நல்லது அம்மா என்றேன். தொலைபேசியை வைத்தபின், நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எழுது, எழுது என்று நான் வற்புறுத்தியபோதெல்லாம், என் பெயரைத்தான் எழுதுவார்கள் என்று உள்ளுக்குள் நம்பியிருந்திருக்கிறேன். எனக்கு வயது 58. பேத்திக்கு 18 நிறையும்போது எனக்கு 72. அவர்கள் சரியாகவே யோசித்திருந்தார்கள். அந்தச் சகோதரி குழந்தைகளை நேசிக்கிறவள், கர்த்தருக்குப் பயந்தவள். ஆயினும் அதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாட்களும் கண்ணீரும் தேவைப்பட்டன.

இப்பொழுது என் காலை ஜெபத்தில் பேத்தியின் பெயருக்குப் பின் அந்தச் சகோதரியின் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். அந்தக் கையெழுத்துக்கு ஒருநாளும் தேவை வராதிருப்பதாக.

இந்த வாரம் உங்கள் பிள்ளைகளை அழையுங்கள். அவர்கள் வேறொரு பெயரைச் சொன்னால், என்னைப் போல் வருந்தினாலும், தடுக்காதிருங்கள்.

ஜெபம்: திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பனாகிய தேவனே, அந்நிய தேசங்களில் வாழும் எங்கள் பிள்ளைகளையும் அவர்களுடைய குழந்தைகளையும் உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம். எங்கள் வீட்டைக் குறித்த காரியங்களை ஒழுங்குபடுத்த எங்களுக்கு ஞானம் தாரும். பிள்ளைகளின் நன்மைக்காக எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் இருதயத்தைத் தாரும். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு மொர்தெகாயை எழுப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களோடு இருப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்